மேக்கால ரூமுக்கு ரெண்டு கதவு

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னது பெத்தான்னு ஒரு வேல்ஸ்காரப் பொண்ணு. ஆஸ்பத்திரில கெடக்கற என்ர வூட்டுக்காரரை எந்திரிச்சு நிக்க வெக்கறது, நடக்க வெக்கறது, வூட்டுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு ரோசனை பண்றது எல்லாம் அந்தப் பொண்ணு பொறுப்பு. "வீட்டுல நடக்கறதை எழுதிட்டு வந்து உங்க பாஷைல வாசிச்சுக் காட்டுங்க. காதுல உழுந்துட்டே இருந்தா பேச்சு திரும்பும்"னா. பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒண்ணாப் போச்சு. பேச்சுதான் கடைசியா வருமாம். சரி, வாசிக்கறதுக்கு எழுதறேன்.

ஏனுங்க, வெடியால எந்திரிச்சேன். மழை. தேனுக்கும் மயிலைக்கும் புல்லுக்கட்டை அவுத்துப் போட்டேன். தேனு தின்னா. மயிலை மொகத்தைத் திருப்பிக்கிட்டா. நீங்க போட்டாத்தான் திம்பாளாமா. கட்டுத்தரையைக் கூட்டிச் சாணி வழிச்சேன். மறுக்காவும் மழை. உங்க கும்ஹெலிக் பண்ணைச் சேதி அவ்வளவுதான்.

———

கோட்டுக்குக் கீழ எழுதறது எனக்கு மட்டும். இதை வாசிக்க மாட்டேன்.

எனக்கு இந்த வூடு புடிக்கலை. வாங்கறப்பவே புடிக்கலை. லெஸ்டர்ல ஆயுசு பூராவும் பஞ்சு மில்லு மிசினோட மல்லுக்கட்டிட்டு, ரிட்டயர் ஆன கையோட "பண்ணையம் பாக்கறேன்"னு என்னை இந்த வேல்ஸ் மலைக்கு இழுத்துட்டு வந்தாங்க. கொத்தமல்லித்தழை வாங்கோணும்னாக்கூட அரை நாள் போயிருது. சொல்லி என்ன பண்றது, சொல்றதுக்கு ஆளு படுக்கைல கெடக்குது.

நவம்பர் 7, வியாழன்

ஏனுங்க, எய்ர்லிஸ் முட்டை கொண்டாந்தா. இந்த வூட்டுல பொறந்து வளந்து, நமக்கு வித்துட்டு மேட்டுல புது வூடு கட்டிட்டுப் போனாளே, அவதான். உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா பெத்தான் எல்லாத்தையும் முழுசாச் சொல்லச் சொல்லிருக்கறா. அதனால வூட்டையும் முழுசாச் சொல்லிப்போடறேன், கேட்டுக்குங்க.

சரிவுல மேல இருந்து கீழ நீளமாக் கெடக்குது வூடு. ஒரே கூரை. மேட்டுப்பக்கம், அதாவது மேக்கால, மனுசங்களுக்கு. பள்ளத்துப்பக்கம், கெழக்கால, மாட்டுக்கு. நடுவுல ஒரு நடை. தெக்க பாத்த ஒரே வாசல். மாடும் மனுசனும் அதுலதான் நொழையோணும். உள்ள வந்துட்டா நாம மேக்கால திரும்பறோம், மாடு கெழக்கால திரும்புது. மாட்டு மூத்திரம் பள்ளத்துல ஓடிரும், மனுசன் பக்கம் வராது. இதையெல்லாம் முதல் நாளே நீங்க கண்டுபுடிச்சு, "பாத்தியா புள்ள, நம்ம தோட்டத்துச் சாளை கட்டுனவனேதான் இதையும் கட்டிருக்கறான்"னு குதிச்சீங்க. நான் "கூரை ஒழுகுது"ன்னேன்.

நடைக்கு மேக்கால பெரிய கூடம், நம்மூரு ஆசாரம் மாதிரி. அதுல ஒரு ஆளே உள்ள நின்னு குளிர் காயற அளவுக்கு அடுப்புமூலை. அதை ஒட்டிக் கல்லுப் படிக்கட்டு, சுத்திச் சுத்தி மேல மச்சுக்கு, நம்ம அட்டாலிக்குப் போகுது. நாம படுக்கறது அட்டாலில. ஆசாரத்துக்கு மேக்கடேசில ரெண்டு சின்ன ரூமு: தெக்க ஒண்ணு, வடக்க ஒண்ணு. தெக்கால ரூமுல உங்க சாமான் செட்டு. வடக்கால ரூமு அந்தக் காலத்துப் பாலறை. அதுக்கு வெளிய சுத்திப் போனாத்தான் வழி.

எய்ர்லிஸ் உங்களை விசாரிச்சா. "சென்னி எப்ப வருவாரு?"ன்னா. வருவாங்கன்னு சொல்லிருக்கறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

———

பெத்தான் வூட்டைப் பாக்க வந்தா. டேப் வெச்சு எல்லாத்தையும் அளந்தா. கல்லுப் படிக்கட்டைப் பாத்துட்டு ஆகாதுன்னு தலைய ஆட்டுனா. அவிங்க வூட்டுக்கு வரோணும்னா ரெண்டு காரியம் நடக்கோணுமாம். ஒண்ணு, கீழயே படுக்கையும் பக்கத்துலயே கக்கூஸும். ரெண்டாவது, ஒரு ஆள் தாங்குனா எந்திரிச்சு நிக்கோணும். இது ரெண்டும் இல்லைன்னா கடலோரத்துல ஒரு முதியோர் இல்லத்துல எடம் பாத்து வெச்சிருக்கறாங்களாம். அங்க போனவிங்க திரும்பி வர்றது கஷ்டம்னு அவளே சொன்னா. அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. அதுக்காகவே அவளைப் புடிக்கும்.

தெக்கால ரூமுல படுக்கை. பாலறைல கக்கூஸ். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற செவுத்தை ஒடைச்சு ஒரு கதவு. படமெல்லாம் போட்டுக் காட்டுனா. நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தேன், தலைமாட்டை வடக்க போட்டிருக்கறா.

"வடக்க தலை வெக்கக்கூடாது கண்ணு"ன்னேன்.

"ஏன்?"

"பொணத்தைத்தான் வடக்க தலைவெச்சுப் படுக்க வெப்போம்."

பென்சிலை வெச்சுட்டு என்னையே பாத்தா. தெக்க தலைவெச்சா கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்க எடம் பத்தலையாம், கெழபுறத்துச் செவுத்துல பதிச்சிருக்கற அலமாரி இடிக்குதாம்.

"அலமாரியை எடுத்துப்போடறேன்."

"அது செவுத்தோட இருக்கு, மிஸஸ் சென்னியப்பன்."

"செவுத்தோட எடுத்துப்போடறேன்."

சிரிச்சுட்டா. என்னமோ நான் வெளையாட்டுக்குச் சொன்ன மாதிரி.

நவம்பர் 13, புதன்

———

இன்னிக்கு வாசிக்கறதுக்கு ஒண்ணும் எழுதலை.

போனதும் என் கையப் புடிச்சுட்டு, "தெ... தெ..."ங்கறாங்க. நெத்தில நரம்பு பொடைக்குது. பெத்தான் காதுக்கு அது "டெக்"னு கேக்குதாம். வீட்டுக்கு வெளிய பலகைத் தரை போட்டிருக்கறீங்களான்னு கேக்கறா. நம்மூட்டுல எங்க பலகைத் தரை? தேனுன்னுதான் சொல்ல வர்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. "தேனு நல்லா இருக்கறாளுங்க, நல்லாத் திங்கறா, வயிறு ரெண்டு பக்கமும் பொடைச்சுட்டு நிக்குது"ன்னேன். அவிங்க கண்ண மூடிட்டாங்க. மறுபடியும் "தெ...". "தேனுக்கு ஒண்ணுமில்லீங்க, நான் பாத்துக்கறேன்." இடது கையில சோத்துத் தட்டை ஒரே தட்டு தட்டுனாங்க. செவுரெல்லாம் கெழங்கு.

ராத்திரில தூங்கறதே இல்லையாம். படுக்கைல இருந்து நழுவி நழுவிக் கீழ உழுகப் பாக்கறாங்களாம். நிக்க வெக்கப் போனா கையத் தட்டி உடறாங்களாம். புத்தி கொழம்பிருச்சுன்னு டாக்டர் எழுதிட்டாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. வர்ற வழி பூராவும் கார்ல அழுதேன்.

நவம்பர் 18, திங்கள்

ஏனுங்க, உங்க கடப்பாறை எங்க இருக்குதுன்னு தேடறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு. அலமாரியை நெம்பி எடுத்துட்டேன். நெசமாத்தான். முதல்ல கதவு வந்துச்சு, அப்பறம் தட்டு, அப்பறம் பின்னாடி ஒட்டியிருந்த அட்டைப் பலகை பாதி செவுத்தோட உரிஞ்சுட்டு வந்துருச்சு. ஒரே தூசி. எலிப் புழுக்கை. தும்மித் தும்மி ஓஞ்சு போயித் திரும்பிப் பாத்தா, அட்டைக்குப் பின்னாடி செவுரே இல்லை. மரம்!

கன்னங்கரேர்னு ஒசரமான தூணு. தூணுக்கும் தூணுக்கும் நடுவுல அகலமான பலகை, தூணுல காடி வெட்டிச் செருகிருக்குது. ஆணி ஒண்ணுகூட இல்லை. தூணோட ஓரத்தை எல்லாம் மழமழன்னு இழைச்சு வெச்சிருக்கறான். கையில தடவிப் பாத்தேன். எந்த மகராசன் பண்ணுனானோ தெரியலை.

எய்ர்லிஸைக் கூப்புட்டுக் காட்டுனேன். வந்து நின்னவ தூணைத் தடவிப் பாத்தா. அப்பறம் "டெரு"ன்னா. அவிங்க பாஷைல ஓக் மரத்துக்கு அதுதான் பேரு. எய்ர்லிஸோட அம்மா கல்யாணமாகி வந்தப்பவே அட்டை அடிச்சிருந்துச்சாம், இத்தனை காலம் இதுக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தேன், தெரியாமப் போச்சேன்னு மூக்கை உறிஞ்சுனா. உங்களுக்குக் காட்டோணும்னு இருக்குதுங்க. சீக்கிரம் வாங்க.

நவம்பர் 22, வெள்ளி

எய்ர்லிஸ் வாய் சும்மா இருக்குமா. சேதி பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும் போயிருச்சு. பழமையான கட்டடம்னு அரசாங்கப் பட்டியல்ல இருக்கற வூடுங்களை மேல்பார்வை பாக்கற ஆபீசர் வந்தாரு. ஹியூன்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு, ஈரக் கோட்டோட ஆசாரத்துல நின்னு டீ குடிச்சாரு. அப்பறம் அந்த மரத் தடுப்பைப் பாத்தாரு. டீயை எங்க வெக்கறதுன்னு தெரியாம என்ர கையிலயே குடுத்துட்டாரு.

நல்ல மனுசன். பொறுமையா எடுத்துச் சொன்னாரு. முதல்ல இந்த வூட்டுல மச்சும் கெடையாது, புகைக்கூண்டும் கெடையாதாம். ஆசாரம் தரைல இருந்து கூரை வரைக்கும் வெட்டவெளி. நடுத் தரைல தீ மூட்டுவாங்களாம். புகை கூரை வழியாத்தான் போகோணும். அட்டாலில நம்ம படுக்கைக்கு மேல வளைஞ்ச மரம் ரெண்டு பக்கமும் தரைல இருந்து கெளம்பிக் கூரைக்குப் போகுதே, அதுல படிஞ்ச கரி அந்தக் காலத்துத் தீயோடதாம். நான் அதைச் சோப்புப் போட்டுத் தேச்சுப் பாதி எடுத்துட்டேன்னு சொன்னேன். "மீதியை விட்ருங்க"ன்னாரு.

அப்பறம் சொன்னாரு: வேலையை நிறுத்தோணும். மரத் தடுப்பை மட்டும் இல்லை, ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கற செவுத்தையும் தொடக்கூடாது. அது குச்சி பின்னி மண்ணும் சாணியும் அப்புன செவுரு, வூடு கட்டுனப்ப வெச்சது. அதுல கதவு வெட்டறதுக்கு யாரும் அனுமதி குடுக்க மாட்டாங்க.

"என்ர வூட்டுக்காரர் வரோணுமுங்க"ன்னேன்.

"தெரியுதுங்க. எழுதிக் கேக்கறேன். ஆனா முடியும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்."

———

நானாப் போயி நோண்டி நானா வெனையை இழுத்து வெச்சுட்டேன். வடக்கால தலைவெச்சாத்தான் என்னன்னு இருந்திருந்தா அட்டையும் உரிஞ்சிருக்காது, ஹியூவும் வந்திருக்க மாட்டாரு, கதவும் வெட்டிருக்கலாம். கடப்பாறையை எடுத்தவ கையை ஒடிக்கோணும்.

நவம்பர் 26, செவ்வாய்

———

ஆஸ்பத்திரில கூட்டம் போட்டாங்க. டாக்டர், பெத்தான், நான். ரூமு தயாரில்லை, ஆளும் ஒத்துழைக்கறது இல்லை, கிறிஸ்மஸுக்கு அப்பறம் இல்லத்துக்கு மாத்திரலாம்னு டாக்டர் சொன்னாரு. பெத்தான்தான் ஜனவரி கடைசி வரைக்கும் பொறுங்கன்னா.

ஒண்ணு எழுதறேன். அவிங்களை அங்க உட்டுட்டா நான் லெஸ்டருக்கே போயிரலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. மாட்டை வித்துப்போட்டு, ஒரு சின்ன வூட்டுல, பக்கத்துலயே கோயிலும் கடையும். அந்த நெனப்பு வந்தப்ப நெஞ்சுக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு. ஒடனே அதுக்கும் அழுகை வந்துச்சு. பொழுதோட கட்டுத்தரைக்குப் போனா ரெண்டும் வாசலையே பாத்துட்டு நிக்குதுங்க. "அவிங்க இல்லடி, நாந்தான்"னு கத்திட்டேன். மாட்டுக்கிட்டக் கத்தி என்ன ஆகப்போகுது.

டிசம்பர் 2, திங்கள்

———

எழுதியே ஆகோணும்.

இன்னிக்கு மழை இல்லை. அதிசயமா வெயிலு. பெத்தான் அவிங்க படுக்கைக்கிட்ட உக்காந்து, ரூமு கெடைச்சாலும் கட்டிலை எப்படிப் போடறதுன்னு மறுக்கா ஆரம்பிச்சா. நானும் மறுக்கா வடக்க கூடாதுன்னேன். எங்கூர்ல சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெசை தெரியும், டம்ளரை நகத்தச் சொன்னாலும் "தெக்கால நகத்து"ம்போம், உங்களை மாதிரி லெப்ட்டு ரைட்டுன்னு சொல்ல மாட்டோம்னு பெருமையாச் சொன்னேன்.

"அப்படியா? இங்க இருந்து வடக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டா. கிண்டலுக்குத்தான் கேட்டா.

கைய நீட்டப் போனேன். நீட்ட முடியலை. தெரியலை! லிப்டுல ஏறி, வளைஞ்சு வளைஞ்சு போற நடையில வந்து, ஜன்னலே இல்லாத ரூமு. இத்தனை நாளா வந்து போயிட்டிருக்கறேன், ஒரு நாளாச்சும் தெசை பாத்தேனா? வெக்கம் புடுங்கித் திங்குது. எந்திரிச்சு நடைக்கோடிக்கு ஓடுனேன். அங்க ஒரு ஜன்னல் இருக்குது. பொழுது சாஞ்சுட்டிருந்துச்சு. குளிர்காலப் பொழுது தெக்க தள்ளித்தான் சாயும், அதையும் கணக்குல எடுத்துக்கிட்டு அப்படியே கைய நீட்டிட்டே திரும்பி நடந்து வந்தேன். நர்சுங்க எல்லாம் பாத்துச்சுங்க. பாத்துட்டுப் போகட்டும்.

அவிங்க தலை வடக்க இருந்துச்சு.

பக்கவாதம் வந்த நாள்ல இருந்து பொணம் மாதிரி வடக்க தலைவெச்சுப் படுக்க வெச்சிருக்குது. அவிங்களுக்கு அது தெரிஞ்சிருக்குது. பேச்சுப் போயும், கை கால் போயும், தெசை மட்டும் போகலை. கிட்டப் போயிக் காதுல கேட்டேன். "ஏனுங்க, தெக்கங்களா? தெக்க தலை வெக்கோணுங்களா?"

கண்ணுல பொளபொளன்னு தண்ணி. "தெக்க"ன்னாங்க. தெளிவாச் சொன்னாங்க. "தெக்க, தெக்க, தெக்க."

நான் கூமுட்டை தேனு தேனுன்னு மாட்டுக் கதை சொல்லிட்டிருந்திருக்கறேன். அவிங்க நழுவி நழுவிக் கீழ உழுகப் பாத்ததும் திரும்பிப் படுக்கத்தான். பெத்தான் கையப் புடிச்சுட்டு அழுதேன். அவளுக்கு வெளங்கறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. வெளங்குனதும் அவ மொகமும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

டிசம்பர் 3, செவ்வாய்

———

கட்டிலைத் திருப்ப முடியாதாம், தலைமாட்டுச் செவுத்துலதான் மணி, வயரு எல்லாம் இருக்குது. ஆனா எதுத்தாப்பல வரிசைல ஒரு படுக்கை காலியாச்சு. பெத்தான் யார்கிட்டச் சண்டை போட்டாளோ தெரியலை, மத்தியானம் நான் போறதுக்குள்ள மாத்திட்டா. இப்ப தலை தெக்க.

போனப்ப நல்ல தூக்கம். எழுப்பலை. நோட்டை வாசிக்காமயே உக்காந்திருந்துட்டு வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

———

நின்னாங்க. பெத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொஞ்ச நேரந்தான். ஆனா நின்னாங்க.

டிசம்பர் 16, திங்கள்

ஏனுங்க, இன்னிக்கு நடந்ததைக் கேளுங்க. ஹியூ வந்து தடுப்பை அளந்துட்டிருந்தாரு. மேலாபீசுல செவுத்தை வெட்ட முடியாதுன்னு எழுதிட்டாங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கறாரு, சொல்ல மனசு வராம அளந்துட்டே இருந்தாரு. சொன்னதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்துட்டோம்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ஹியூ மேல இல்லை, வூட்டைக் கட்டுனவன் மேல. "ஏனுங்க தம்பி, அந்தப் பாலறைக்கு வெளிய சுத்தித்தான் வழி. இந்த ஊரு மழைல, பால் பானையத் தூக்கிட்டு வாசல்ல எறங்கிச் சுத்தி எவ போவா? இத்தனை பாத்துப் பாத்துக் கட்டுனவன் பொண்டாட்டிக்கு ஒரு வழி வெக்கலையா? நானா இருந்தா அவனுக்குச் சோறே போட மாட்டேன்"னேன்.

ஹியூ கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "இந்த மாதிரித் தடுப்புல ரெண்டு கதவு ஜோடியா இருக்கறது வழக்கம்தான். நானும் நெனச்சேன். ஆனா இன்னும் அட்டையைக் கழட்டினா இன்னும் என்னென்ன வந்து வேலை நிக்குமோன்னு பயந்துட்டேன்"னாரு.

"இனி நிக்கறதுக்கு என்ன இருக்குது?"ன்னேன்.

ரெண்டு பேருமாச் சேந்து ஆசாரத்துல தடுப்பை ஒட்டி நின்ன பீரோவை நகத்துனோம். அவரே மெதுவா அட்டையை உரிச்சாரு. தெக்கால ரூமுக் கதவுக்குப் பக்கத்துலயே, ஒரே தூணைப் பங்கு போட்டுட்டு, இன்னொரு கதவு நெலவுச் சட்டம்! மேல வளைவா வெட்டி, ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. நடுவுல மட்டும் பிற்காலத்துப் பலகையை அடிச்சு மூடிருக்கறாங்க. அதைத் தொறந்தா நேராப் பாலறை.

"புதுசா வெட்டத்தான் கூடாது. இருந்த கதவைத் தொறக்கறதுக்கு என்னால அனுமதி வாங்க முடியும்"னாரு ஹியூ. தூசியோட அவரைக் கட்டிப் புடிச்சுட்டேன். வெள்ளக்காரன் செவந்து போயிட்டான். நீங்க சிரிக்காதீங்க.

டிசம்பர் 20, வெள்ளி

———

பெத்தான் வந்து ரெண்டு கதவையும் அளந்தா. சக்கர நாற்காலி எதுலயும் நொழையாது. தூணை இழைச்சா நொழையும். ஹியூவைக் கேக்கவே இல்லை, எனக்கே மனசு வரலை.

"அப்ப அவரு நடந்துதான் போகோணும்"னா பெத்தான். "கட்டில்ல இருந்து ஆசாரத்துக்கு, ஆசாரத்துல இருந்து பாலறைக்கு. நீங்க ஒரு ஆள் தாங்கலாம், அவ்வளவுதான். ஜனவரில நடக்கலைன்னா டாக்டர்கிட்ட நான் பேச முடியாது. நடப்பாருன்னு நீங்க நம்பறீங்களா?"

நடப்பாங்கன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது. சொன்னேன்.

ஜனவரி 6, திங்கள்

ஏனுங்க, பாலறைல தரைக்கு அடியில குழாய் பதிச்சாச்சு. சிமிட்டி போட ஹியூ உடலை, சிமிட்டி போட்டா கல்லுச் செவுரு மூச்சு உட முடியாம ஈரம் கோத்துக்குமாம். சுண்ணாம்புதான். பொங்கலுக்கு நாங்க சுண்ணாம்புதானுங்க அடிப்போம், எங்கிட்டச் சொல்லித் தர்றீங்களான்னேன். நாளைக்கு நானே அடிக்கப் போறேன். கதவுக்கு எய்ர்லிஸ் ஓக் பலகை குடுத்திருக்கறா. பெத்தான் திரைச்சீலை போதும்னா. நான் கதவுதான்னேன்.

இன்னிக்கு நீங்க கம்பியைப் புடிச்சுட்டு நாலஞ்சு எட்டு வெச்சீங்க. அஞ்சாவதுல என்னைத் திட்டுனீங்க. வார்த்தை வெளங்கலை, ஆனா திட்டுன்னு தெரிஞ்சுது. நல்லாத் திட்டுங்க.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். தேனுக்கும் மயிலைக்கும் கொம்பு இல்லை, அதனால கழுத்துல எய்ர்லிஸ் பின்னுன சிவப்புக் கம்பளிக் கயிறு. கட்டுத்தரைலயே பொங்க வெச்சேன். கல்லு மேல ஊத்துன தண்ணி நேராக் கெழக்கால வாய்க்கால்ல ஓடுச்சு. நின்னு பாத்துட்டே இருந்தேன். நல்லாத்தான் கட்டிருக்கறான்.

பெத்தான் போன் பண்ணுனா. டாக்டர் சரின்னுட்டாராம். அடுத்த வாரம் வியாழக்கெழமை வூட்டுக்கு.

———

லெஸ்டர் நெனப்பு இன்னிக்கு வரலை. வந்திருந்தா எழுதிருப்பேன்.

ஜனவரி 23, வியாழன்

ராகுகாலத்துக்கு முன்னாடியே வந்து சேந்தாங்க. நடை வரைக்கும் சக்கர நாற்காலி. மாடு ரெண்டும் கெழக்கால இருந்து தலையை நீட்டிக் கத்துச்சு பாருங்க ஒரு கத்து, ஆம்புலன்ஸ்காரன் பயந்தே போயிட்டான். அவிங்க இடது கையால ரெண்டு மூஞ்சியும் தடவிக் குடுத்தாங்க. மொகமெல்லாம் சிரிப்பு, ஒரு பக்கமாக் கோணலா.

ஆசாரத்துல தடுப்புக்கு முன்னாடி நாற்காலியை நிறுத்துனோம். மரத்தைப் பாத்தாங்க, மேல கீழ பாத்தாங்க. ஹியூ அந்த மூலைல கையக் கட்டிட்டு நின்னாரு, பரீட்சை எழுதற பையன் மாதிரி. எய்ர்லிஸ் அடுப்புமூலைல. பெத்தான் பின்னாடி, நான் பக்கத்துல. எந்திரிச்சாங்க. தெக்கால கதவுல நொழைஞ்சு கட்டில்ல போயி உக்காந்தாங்க. அதுக்கே வேர்த்து ஊத்திருச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் தட்டலை, துண்டை எடுத்து அவிங்க நெத்தியைத் தொடச்சு உட்டேன்.

டீ குடிச்சாங்க. கொஞ்சம் பொறுத்து வடக்கால ரூமுப் பக்கம் கைய நீட்டுனாங்க. பெத்தானும் நானும் ஒண்ணா எந்திரிச்சோம். இடுப்புல கை குடுத்தேன். ஒரு கதவுல வெளிய வந்து, நடுத் தூணைப் புடிச்சுட்டு, அடுத்த கதவுக்குத் திரும்பி நின்னாங்க. நின்னு, என்ர கைய எடுத்துட்டாங்க. மெதுவா, ஒவ்வொரு வெரலா. உள்ள போற வரைக்கும் செவுத்துல புதுசாப் பதிச்ச கம்பியைப் புடிச்சு ஒவ்வொரு எட்டாப் போனாங்க. போயித் திரும்பிக் கதவைச் சாத்திட்டாங்க. உள்ள மரக் கொண்டி உழுந்த சத்தம் கேட்டுச்சு.

பெத்தான் பதறிட்டா. "உள்ள தாப்பாப் போடக் கூடாது! தொறக்கச் சொல்லுங்க, உழுந்தா என்ன பண்றது?"ன்னு கதவுக்கு ஓடுனா. நான் குறுக்க நின்னுட்டேன்.

"இரு கண்ணு. ஐப்பசில இருந்து ஒரு துணித் திரைக்குப் பின்னாடி, பக்கத்துல யாராச்சும் நிக்க நிக்கத்தான் அவிங்க ஒண்ணுக்குப் போனாங்க. இப்ப அவிங்க வூட்டுல அவிங்க கதவைச் சாத்திக்கறாங்க."

அவ ஒரு எட்டுப் பின்னாடி வெச்சா. ஹியூ தலையைக் குனிஞ்சுட்டாரு. எனக்கு அழுகை முட்டிட்டு வந்துருச்சு, அடக்கலை. கதவு மேல நெத்தியை வெச்சுட்டு அழுதேன். உள்ள கேட்டிருக்கோணும்.

"போ புள்ள"ன்னாங்க உள்ள இருந்து.

ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுனது இதுதான் முதல் தரம். நான் போகலை. கொண்டி தொறக்கற வரைக்கும் அங்கயே நின்னேன்.